கல்லீரலில் தெரியும் ஒளியை நம்பும் முன்: செல் சிகிச்சையை விலங்கில் படம் பிடிக்க வரும் புதியவர்களுக்கு

"கல்லீரல் நோய்க்குச் செல் சிகிச்சை, விலங்கு மாதிரியில் படமாக்கல்" என்று திட்டத்தின் தலைப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காட்பாடியில் ரயில் இறங்கும் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும்) தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையைக் கற்க வேலூர் மோசமான ஊர் இல்லை. பாகாயத்தில் சிஎம்சி வளாகத்துக்குள் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. காட்பாடிப் பக்கம் விஐடி, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம். செல் வளர்ப்பதையும் ஊசி போடுவதையும் கருவியை இயக்குவதையும் யாராவது ஒரு சீனியர் காட்டிக்கொடுத்துவிடுவார். அவர்கள் சொல்ல மறந்துவிடுகிற ஒன்று உண்டு: வேறெந்த உறுப்பிலிருந்து வரும் சிக்னலையும்விடக் கல்லீரலிலிருந்து வரும் சிக்னலைத்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும்.

காரணம் எளிது. உடம்பில் இருக்கும் திசு மேக்ரோஃபேஜ்களில் (வேண்டாத பொருட்களை விழுங்கும் பாதுகாப்புச் செல்களில்) பெரும்பகுதி கல்லீரலில்தான் குடியிருக்கிறது. குப்ஃபர் செல்கள் என்பது அவற்றின் பெயர். ரத்தத்தில் வரும் செத்த செல், உடைந்த துண்டு, இரும்புத் துகள், கழன்ற சாயம் எல்லாவற்றையும் பிடித்து விழுங்குவது அவற்றின் அன்றாட வேலை. ஊர்க் குப்பையெல்லாம் எல்லையில் இருக்கும் மேட்டில்தானே வந்து குவியும், அப்படித்தான். நீங்கள் அடையாளம் பூசி அனுப்பிய செல் நுரையீரலிலேயே செத்துப்போயிருந்தாலும், அதன் அடையாளம் இரண்டு நாளில் கல்லீரலுக்கு வந்து சேர்ந்துவிடும். படத்தில் கல்லீரல் பளிச்சென்று தெரியும். நீங்களும் "செல் இலக்கை அடைந்தது" என்று எழுதிவிடுவீர்கள். மூளையிலோ இதயத்திலோ வேலை செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு கிடையாது.

இனி வரும் ஒவ்வொரு படியையும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் படி: என்ன கேட்கிறோம் என்று எழுதுவது

கருவியைப் பதிவு செய்வதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள். செல் கல்லீரலுக்குப் போனதா? போனது அங்கே தங்கியதா? தங்கியது உயிரோடு இருக்கிறதா? உயிரோடு இருப்பது வேலை செய்கிறதா? இவை நான்கும் வேறு வேறு கேள்விகள். ஒரே படம் நான்குக்கும் பதில் சொல்லாது.

முதல் கேள்விக்கு நேரடியாகச் சாயமோ கதிரியக்கமோ ஏற்றிய செல் போதும், அதுவும் முதல் ஒன்றிரண்டு நாட்களுக்கு மட்டும். உயிரைப் பற்றிய கேள்விக்கு, செல் தானே தயாரிக்கும் ஓர் அடையாளம் வேண்டும், அதாவது ரிப்போர்ட்டர் ஜீன். நான்காவதுக்குச் செல்லைப் படம் பிடித்துப் பயனில்லை, கல்லீரலையே அளக்க வேண்டும்: ரத்தத்தில் ஏஎல்டி (கல்லீரல் செல் சேதமானால் கசியும் நொதி), பிலிருபின் (பித்த நிறமி), அல்புமின் (கல்லீரல் தயாரிக்கும் புரதம்), திசுவில் நார் (தழும்புத் திசு) எவ்வளவு என்பது.

இந்தக் குழப்பத்தின் விலை என்ன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள் கல்லீரலைத் தேற்றும் என்று விலங்கு ஆய்வுகள் நிறைய நம்பிக்கை கொடுத்திருந்தன. பிரிட்டனில் சிரோசிஸ் (நார் பிடித்துக் கல்லீரல் இறுகிப்போகும் நிலை) நோயாளிகள் 81 பேரிடம் நடந்த ரியலிஸ்டிக் என்ற சோதனையில், ஒரு பிரிவினருக்கு அவரவர் சிடி133 செல்களையே (அந்தப் புரதத்தை மேற்பரப்பில் கொண்ட ஸ்டெம் செல்கள்) எடுத்துத் திரும்பச் செலுத்திப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வந்தது: கல்லீரல் செயல்பாட்டில் முன்னேற்றம் இல்லை.

அனுமதிகள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அலுவலகத்தில் படிவம் கொடுப்பார்கள். விலங்குக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு. அது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியக் குழுவின் மேற்பார்வையில் வரும். சிபிசிஎஸ்இஏ என்ற பழைய பெயரும் சிசிஎஸ்இஏ என்ற புதிய பெயரும் ஒரே குழுவைத்தான் குறிக்கின்றன. மனித ஸ்டெம் செல் என்றால் 2017-ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல்படி ஸ்டெம் செல் ஆய்வுக்கான குழு தனி. வைரஸ் மூலம் ஜீன் ஏற்றிய செல் என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு. கதிரியக்கம் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விண்ணப்பியுங்கள். ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று காத்திருந்தால் ஃபெலோஷிப்பில் ஒரு வருடம் போய்விடும்.

விலங்கு எண்ணிக்கையை நியாயப்படுத்தும் பகுதியில் படமாக்கல் உங்களுக்குக் கைகொடுக்கும். ஒரே சுண்டெலியை முதல் நாளும் ஏழாம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் பார்க்க முடிந்தால், ஒவ்வொரு நாளுக்கும் தனிக் கூட்டத்தைக் கொல்ல வேண்டியதில்லை. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் முன்வைத்த மூன்று கொள்கைகளில் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒன்று. ஆனால் திசுச் சோதனைக்கு இடைப்பட்ட நாட்களில் சில விலங்குகள் கட்டாயம் வேண்டும். அதையும் சேர்த்தே கேளுங்கள். பிறகு கூடுதலாகக் கேட்டால் குழுவில் முகம் சுளிப்பார்கள்.

நோயை உண்டாக்குவது

இங்கேதான் நிறைய யோசிக்க வேண்டும். எந்த நோயாளிக்காக இந்த ஆய்வு என்பதே மாதிரியைத் தீர்மானிக்க வேண்டும்.

திடீர் கல்லீரல் செயலிழப்புக்கு உலகம் முழுவதும் பழக்கமான மாதிரி பாராசிட்டமால். சுண்டெலியை இரவு பட்டினி போட்டு, கிலோவுக்கு 300 மில்லிகிராம் அளவில் வயிற்றறைக்குள் கொடுத்தால் ஒரு நாளுக்குள் கல்லீரல் நன்றாகச் சேதமாகும். பெரிய எலிகள் இதைத் தாங்கிக்கொள்ளும், அவற்றில் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் திடீர் கல்லீரல் செயலிழப்புக்குப் பாராசிட்டமால்தான் முதல் காரணம், அதனால் அவர்களுக்கு அது பொருத்தம். நம் பக்கத்து வார்டுகளில் நிலைமை வேறு. மஞ்சள் காமாலை வைரஸ்களும், மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டும்தான் இங்கே கண்ணில் படுபவை. எலி பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்யும் அளவுக்கு அது பெரிய பிரச்சினை. பாராசிட்டமால் மாதிரியில் கிடைத்த முடிவை எலி பேஸ்ட் சாப்பிட்டு வந்தவருக்கு அப்படியே பொருத்த முடியாது. பாராசிட்டமால் மாதிரியை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்தால், ஏன் எடுத்தோம், எது வரை பேசலாம் என்று எழுதிவிடுங்கள்.

நாள்பட்ட நோய்க்கு, அதாவது ஃபைப்ரோசிஸுக்கும் (நார் படிவது) சிரோசிஸுக்கும், பெரும்பாலோர் கை வைப்பது கார்பன் டெட்ராகுளோரைடில். எண்ணெயில் கரைத்து, கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிலிட்டர் வரை, வாரம் இரண்டு முறை, ஆறு முதல் பன்னிரண்டு வாரம். கல்லீரல் செல்லில் இருக்கும் சிஒய்பி2ஈ1 என்ற நொதி அதை உடைத்து நச்சு ரேடிகலாக மாற்றுகிறது. மத்தியச் சிரையைச் சுற்றிய செல்கள் முதலில் சாகும். அதைக் கரைக்கும்போது பாலிஸ்டைரீன் குழாய் வேண்டாம், குழாயே இளகிவிடும். கண்ணாடியில் கரையுங்கள். விலங்கின் மூச்சிலும் அது வெளியேறும் என்பதால், ஊசி போட்ட கூண்டுகளைக் காற்றோட்டம் இல்லாத அறையில் அடுக்கிவைக்கக் கூடாது.

இந்த மாதிரியில் இரண்டு பொறிகள். ஒன்று, மருந்தை நிறுத்தினால் நார் தானாகவே கரைய ஆரம்பிக்கும். செல் கொடுத்த எலியும் தேறும், உப்புநீர் கொடுத்த எலியும் தேறும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் "செல் சிகிச்சையால் நார் குறைந்தது" என்று சொல்லும் ஆய்வை நான் மேற்கொண்டு படிப்பதில்லை. இரண்டு, நிறுத்தாமல் தொடர்ந்து கொடுத்தால், நீங்கள் செலுத்திய ஹெப்பட்டோசைட்டிலும் (கல்லீரலின் முதன்மைச் செல்) அதே நொதி இருக்கிறது, அதுவும் சாகும். மீசன்கைமல் செல்லுக்கு (எலும்பு மஜ்ஜை, கொழுப்பு போன்றவற்றிலிருந்து எடுத்து வளர்க்கும் செல்) அந்த நொதிச் சிக்கல் அவ்வளவு இல்லை. ஆகவே எந்த செல்லைச் செலுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தே நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும்.

தயோஅசெட்டமைடு என்ற நச்சைக் கொடுத்தால் வரும் நார் மெதுவாகத்தான் கரையும், பெரிய எலிகளில் நன்றாக வேலை செய்யும். பித்தநாளத்தைக் கட்டிவிடும் மாதிரி பித்தத் தேக்க நோய்க்கு. அறுவை கை பழகாதவர்கள் அதில் முதலில் இறங்காதீர்கள். செலுத்திய ஹெப்பட்டோசைட் உண்மையிலேயே கல்லீரலைப் பிடித்து வளர்கிறதா என்று பார்க்க ஒரு தனி மாதிரி இருக்கிறது: எஃப்ஏஎச் என்ற நொதி (டைரோசினை உடைக்கத் தேவையானது) இல்லாத சுண்டெலி. நிட்டிசினோன் என்ற மருந்தைக் குடிநீரில் கொடுத்தே அதை உயிரோடு வைத்திருப்பார்கள். மருந்தை நிறுத்தியதும் அதன் சொந்தக் கல்லீரல் செல்கள் நலிய, வெளியிலிருந்து வந்த நல்ல செல்கள் பெருகும். விலை அதிகம், பராமரிப்பும் கடினம், ஆனால் பதில் தெளிவாக வரும்.

இன்னொரு முடிவு, எந்த இனச் சுண்டெலி என்பது. மனித செல்லைச் சாதாரணச் சுண்டெலிக்குள் விட்டால் அதன் நோய் எதிர்ப்பு அமைப்பு விரட்டும். என்எஸ்ஜி போன்ற எதிர்ப்புச் சக்தி இழந்த சுண்டெலியில் செல் தங்கும். ஆனால் உங்கள் செல் நோய் எதிர்ப்பைத் தணித்துத்தான் கல்லீரலைக் காப்பாற்றுகிறது என்பது கருதுகோள் என்றால், தணிப்பதற்கே அங்கே ஒன்றும் இல்லை. மீசன்கைமல் செல் ஆய்வுகளில் இந்த முரண்பாடு அடிக்கடி கண்ணில் படும். சுண்டெலியின் செல்லையே சுண்டெலிக்குக் கொடுப்பது பல நேரம் நல்ல வழி. பால்ப்/சி இனம் வெள்ளை உரோமம் கொண்டது, கார்பன் டெட்ராகுளோரைடுக்கு நாரும் நன்றாகப் பிடிக்கும். நமக்கு இரண்டு வகையிலும் வசதி. கறுப்பு உரோமம் ஒளியை விழுங்கும், மழித்த பிறகும் தோலில் நிறம் திட்டுத்திட்டாக வரும்.

விலங்குகள் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தால் ஒரு வாரமாவது ஓய்வு கொடுங்கள். வேலூரில் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். பயணத்தில் வாடிய சுண்டெலிக்கு உடனே நச்சு கொடுத்தால் சாவது எதனால் என்றே தெரியாது. முடிந்தால் அக்னி நட்சத்திரம் கழித்து வரவழையுங்கள்.

செல்லுக்கு அடையாளம் இடுவது

எனக்குப் பிடித்த தொடக்கம் மின்மினியை ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் என்ற நொதி. லென்டிவைரஸ் (ஜீனைச் சுமந்து செல்லும் வைரஸ்) வழியாக அதன் ஜீனைச் செல்லில் ஏற்றிவிடுவார்கள். அந்த நொதி வினைபுரியும் லூசிஃபெரின் என்ற பொருளைக் கொடுத்தால் செல் ஒளிரும். அந்த வினைக்கு ஏடிபியும் (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) ஆக்ஸிஜனும் தேவை. செத்த செல்லில் ஏடிபி இல்லை, ஒளியும் இல்லை. செத்த செல்லைக் குப்ஃபர் செல் விழுங்கினாலும் ஒளி அதனோடு போகாது. கல்லீரல் ஆய்வில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை என்பது என் கருத்து. குறை என்னவென்றால் ஆழம் தெரியாது. ரத்தம் நிறைந்த உறுப்பு என்பதால் ஹீமோகுளோபின் ஒளியில் பெரும்பங்கைத் தின்றுவிடும். எதிர்ப்புச் சக்தி உள்ள விலங்கில் லூசிஃபெரேஸையே அந்நியப் புரதமாகக் கண்டு தாக்கவும் கூடும்.

டிஐஆர் போன்ற ஒளிரும் சாயம் மலிவு, அரை மணியில் பூசிவிடலாம். அதனால்தான் எல்லோரும் அதில் விழுகிறார்கள். செல் சவ்வில் ஒட்டும் அந்தச் சாயம், செல் செத்ததும் பக்கத்தில் இருக்கும் மேக்ரோஃபேஜுக்குக் கைமாறும். கல்லீரலில் அந்த மேக்ரோஃபேஜ் எங்கும் இருக்கிறது. இரண்டாம் நாளுக்குப் பிறகு வரும் சாயப் படத்தை நான் ஆதாரமாக எடுப்பதில்லை.

எம்ஆர்ஐ-க்காக இரும்பு ஆக்சைடு ஏற்றுவதிலும் அதே கதை, இன்னும் மோசமாக. கல்லீரல் கட்டிகளைக் காட்ட மனிதர்களுக்குக் கொடுத்த இரும்பு மருந்துகள் வேலை செய்ததே குப்ஃபர் செல்கள் இரும்பை விழுங்குவதால்தான். அதே இரும்பை உங்கள் செல்லுக்குள் வைத்து அனுப்பிவிட்டு, கல்லீரல் கறுத்தது செல்லால்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? நுணுக்கமான உருவத் தெளிவு எம்ஆர்ஐ-யின் பலம். முதல் மணி நேரங்களில் செல் எந்த மடலுக்குப் போனது என்று பார்க்க அது நல்லது. உயிரைப் பற்றி அது பேசாது.

கதிரியக்க வழியில் இண்டியம்-111, சிர்கோனியம்-89 ஆகியவற்றைச் செல்லில் ஏற்றலாம். சிர்கோனியத்தின் அரை ஆயுள் 78 மணி நேரம், சில நாட்கள் தொடரலாம். படத்தில் எலும்புகள் தெரிய ஆரம்பித்தால் சிர்கோனியம் செல்லிலிருந்து கழன்றுவிட்டது என்று பொருள். ரிப்போர்ட்டர் ஜீனோடு பெட் (கதிரியக்கப் படம்) எடுப்பதென்றால், கல்லீரலே வெளியேற்றும் டிரேசரைத் (செலுத்தும் கதிரியக்கப் பொருளைத்) தேர்ந்தெடுக்காதீர்கள். ஹெர்ப்பிஸ் தைமிடின் கைனேஸ் என்ற ரிப்போர்ட்டருக்குப் பயன்படும் எஃப்எச்பிஜி அப்படிப்பட்டது, பித்தத்தில் கலந்து குடலுக்குப் போகும், மொத்த வயிறும் ஒளிரும். மற்ற உறுப்புகளில் பெயர் வாங்கிய முறை கல்லீரலில் காலை வாரும். சோடியம் அயோடைடு சிம்போர்ட்டர் (அயோடைடைச் செல்லுக்குள் இழுக்கும் புரதம்) என்ற ரிப்போர்ட்டர் இதைவிடத் தேவலை. ஆனால் தைராய்டும் இரைப்பையும் இயல்பிலேயே ஒளிரும், இரைப்பை கல்லீரலின் இடது மடலை ஒட்டியே இருக்கிறது.

எந்த அடையாளம் எடுத்தாலும் இரண்டு ஒப்பீட்டுக் குழுக்கள் வேண்டும்: அடையாளம் பூசிய பின் வேண்டுமென்றே கொன்ற செல்களைச் செலுத்திய விலங்குகள், செல் இல்லாமல் சாயமோ துகளோ மட்டும் செலுத்திய விலங்குகள். ஒவ்வொன்றிலும் மூன்று விலங்குகள் இருந்தாலும் போதும். செத்த செல் கொடுத்த சுண்டெலியின் கல்லீரலும் உயிருள்ள செல் கொடுத்ததன் கல்லீரலும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால், அந்த முறையை அன்றோடு விட்டுவிடலாம்.

செலுத்தும் வழி

வால் சிரை வழியாகக் கொடுத்தால் செல் முதலில் போவது இதயத்தின் வலப்பக்கம், அங்கிருந்து நுரையீரல். மீசன்கைமல் செல்கள் பெரியவை, நுரையீரலின் நுண்குழாய்களில் பெரும்பாலானவை சிக்கிக்கொள்ளும். முதல் மணி நேரப் படத்தில் மார்பு ஒளிர்ந்து, அடுத்த நாள் அது மங்கினால் பயப்படாதீர்கள், எதிர்பார்த்ததுதான். நேராகக் கல்லீரலுக்கு அனுப்ப வேண்டுமென்றால் மண்ணீரலில் செலுத்தலாம். அங்கிருந்து மண்ணீரல் சிரை, பிறகு போர்ட்டல் சிரை, பிறகு கல்லீரல். ஹெப்பட்டோசைட்டுக்கு இதுதான் வழக்கமான வழி. ஒரு ஹெப்பட்டோசைட் 20 முதல் 30 மைக்ரான், கல்லீரலின் சைனுசாய்டு (நுண்ணிய ரத்தக் குழாய்) அதில் பாதிகூட இல்லை. அவசரமாக நிறைய செலுத்தினால் அடைத்துக்கொண்டு போர்ட்டல் அழுத்தம் ஏறும். நாரினால் ஏற்கெனவே அழுத்தம் ஏறியிருக்கும் சிரோசிஸ் விலங்கில் சொல்லவே வேண்டாம். ஆரோக்கிய விலங்கில் தாங்கிய அளவு நோயுள்ள விலங்கில் தாங்கும் என்று நினைக்கக் கூடாது.

வால் சிரை ஊசியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், முதல் மாதம் முழுக்க இதில்தான் போகும். செல்லை 40 மைக்ரான் வடிகட்டியில் விட்டு எண்ணுங்கள், கட்டியாக ஒட்டியவை உள்ளே போனால் சுண்டெலி மூச்சுத்திணறிச் சாகும். மீசன்கைமல் செல்கள் ரத்தத்தை உறையவைக்கவும் செய்யும், சிறிது ஹெப்பாரின் சேர்ப்பவர்கள் அதற்காகத்தான் சேர்க்கிறார்கள். ஐந்து லட்சம் செல்களை 100 முதல் 200 மைக்ரோலிட்டரில் வைத்தால் தொடக்கத்துக்குச் சரி. வாலை வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் வைத்தால் சிரை புடைக்கும். பக்கவாட்டில் இரண்டு சிரைகள் இருக்கும், நுனிப் பக்கம் தொடங்குங்கள், தவறினால் மேலே போக இடம் இருக்கும். சிரைக்குள் இருந்தால் பிஸ்டன் தடையில்லாமல் நகரும், சிரையின் கறுப்பு நிறம் ஒரு கணம் வெளுக்கும். தடை தெரிந்தால் நிறுத்துங்கள். எங்கள் விலங்குக் கூடத்தில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் பக்கத்தில் நின்றபடி, "இன்னாம்மா இது, தோலுக்கடியில புடைக்குது பாரு, எடுத்துட்டு மேல குத்து" என்பார். ஊசி போடுபவர் பார்வை சிரிஞ்சில் இருக்கும், அவர் பார்வை வாலில் இருக்கும். அப்படி ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். தோலடியில் போன ஊசி எது என்று நோட்டில் குறித்து வையுங்கள், பிறகு வாலில் மட்டும் ஒளி தெரியும்போது காரணம் தெரிந்திருக்கும். சிரிஞ்சில் செல் நிமிடங்களில் அடியில் படியும் என்பதால் ஒவ்வொரு சுண்டெலிக்கும் முன்னால் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சுண்டெலிக்கு ஒரு அளவும் கடைசிக்கு வேறு அளவும் போயிருக்கும்.

படம் எடுக்கும் நாள்

கேமராவின் சென்சார் பூஜ்யத்துக்குக் கீழே 90 டிகிரிவரை குளிர வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் அது சூடாகிவிட்டால் மறுபடி குளிரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் விலங்கை மயக்குவதற்கு முன்பே கருவி தயாரா என்று பாருங்கள். யுபிஎஸ் எதெதற்கு இணைத்திருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

வயிற்றையும் மார்பையும் முந்தைய நாளே மழித்துவிடுங்கள். சாயப் படம் என்றால் தீவனத்தில் அல்ஃபால்ஃபா இருக்கக் கூடாது, அதிலுள்ள பச்சையம் குடலில் ஒளிர்ந்து கல்லீரலோடு கலந்து தெரியும். ஒரு வாரம் முன்பே தீவனத்தை மாற்றினால் சரியாக இருக்கும். லூசிஃபெரேஸுக்குத் தீவனம் பிரச்சினை இல்லை.

லூசிஃபெரினைக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் வயிற்றறைக்குள் கொடுத்து, ஐசோஃபுளூரேன் மயக்கத்தில் சூடான மேடையில் படுக்கவையுங்கள். ஒளி பத்து முதல் இருபது நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும். அந்த உச்சம் எப்போது வருகிறது என்பதை உங்கள் மாதிரியிலேயே பார்க்க வேண்டும்: முதல் தடவை இரண்டிரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து வளைகோடு போடுங்கள். மற்றவர் கட்டுரையில் இருக்கும் பத்து நிமிடத்தைக் கடன் வாங்காதீர்கள். சிரோசிஸ் முற்றிய விலங்கின் வயிற்றில் நீர் கோத்திருக்கும். வயிற்றறைக்குள் கொடுத்த லூசிஃபெரின் அந்த நீரில் கரைந்து நீர்த்து, மெதுவாகத்தான் ரத்தத்துக்குள் போகும். ஆரோக்கிய விலங்கில் பத்தாம் நிமிடமும் நீர் கோத்த விலங்கில் பத்தாம் நிமிடமும் ஒன்றில்லை. நோயுள்ள குழுவில் ஒளி குறைவு என்று வரும் சில முடிவுகளின் பின்னால் செல் சாவு இருக்காது, இந்த நீர்தான் இருக்கும். தோலடியிலோ சிரையிலோ கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மயக்க அளவும் படுக்கும் நிலையும் கேமரா உயரமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும். நோயுள்ள கல்லீரல் மயக்கத்திலிருந்து மெதுவாகத்தான் மீளும், கூண்டுக்குத் திரும்பும்வரை சூடு கொடுங்கள். செல் கொடுக்காத ஒரு விலங்கு ஒவ்வொரு படத்திலும் இருக்க வேண்டும், அதுதான் பின்னணி அளவு. முதல் படம் செலுத்திய ஒரு மணிக்குள், பிறகு ஒரு நாள், மூன்று நாள், ஏழு நாள். அதற்குப் பிறகு சிக்னல் இருந்தால் வாரம் ஒருமுறை.

படத்திலிருந்து திசுவுக்கு

கடைசிப் படம் எடுத்ததும் உடனே உறுப்புகளை எடுத்துத் தனித்தனியாகக் கேமராவின் கீழ் வையுங்கள்: நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், வால். உயிருள்ள விலங்கில் வலப்பக்கம் ஒளிர்ந்தது கல்லீரலா நுரையீரலின் அடிப்பகுதியா என்பது இங்கேதான் தெரியவரும். தாமதித்தால் ஏடிபி தீர்ந்து ஒளி அணையும், பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அப்புறம் நுண்ணோக்கி. இரும்பு ஏற்றியிருந்தால் ஒரே வெட்டில் இரும்பைக் காட்டும் பிரஷ்யன் நீலமும் சுண்டெலி மேக்ரோஃபேஜுக்கான எஃப்4/80 சாயமும் போட்டுப் பாருங்கள். நீலமும் எஃப்4/80-உம் ஒரே செல்லில் விழுந்தால் படத்தில் நீங்கள் பார்த்தது குப்ஃபர் செல்லை. மனித செல் என்றால் சுண்டெலியின் திசுவில் மனித டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் ஆலு வரிசையைப் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) தேடலாம். ஆண் செல்லைப் பெண் விலங்குக்குக் கொடுத்திருந்தால் ஒய் குரோமோசோமைத் தேடலாம். ஹெப்பட்டோசைட் வேலை செய்கிறதா என்பதற்குச் சுண்டெலி ரத்தத்தில் மனித அல்புமின் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட நேரான சாட்சி கிடையாது. நாருக்குச் சிரியஸ் ரெட் சாயமும் ஹைட்ராக்ஸிபுரோலின் (நாரின் கொலாஜனில் உள்ள அமினோ அமிலம்) அளவும். இரண்டும் ஒத்துப்போனால் தைரியமாகப் பேசலாம்.

கல்லீரலையே படமாக்கவும் வழி உண்டு. கடாக்ஸிடேட் என்ற எம்ஆர்ஐ மருந்தை ஆரோக்கியமான ஹெப்பட்டோசைட்தான் உள்வாங்கும், ஆகவே அது பரவும் அளவு செயல்பாட்டின் அளவு. அல்ட்ராசவுண்ட் எலாஸ்டோகிராபியில் கல்லீரலின் விறைப்பைப் பார்க்கலாம். சிகிச்சையின் பலனைக் கேட்கும் திட்டத்தில் செல்லைத் தேடி அலைவதைவிட இதற்குப் பணம் ஒதுக்குவது மேல்.

செல் ஒரு வாரத்தில் காணாமல் போய், விலங்கு மட்டும் தேறிய முடிவு வந்தால் என்ன எழுதுவது? அது அடிக்கடி நடக்கும். மீசன்கைமல் செல்கள் தங்கிக் கல்லீரல் செல்லாக மாறுவதைவிட, இருக்கும் சில நாட்களில் விடும் பொருட்களால் அழற்சியைத் தணிப்பதே அதிகம் என்ற கருத்துக்கு அந்த முடிவு வலு சேர்க்கும். "செல் கல்லீரலில் குடியேறியது" என்று தலைப்பு வைக்க முடியாது, அவ்வளவுதான். செல் தங்கவே வேண்டியது ஹெப்பட்டோசைட் திட்டங்களில்தான்.

எண்களை எடுப்பது

படத்தில் வட்டம் போட்டு ஒளியை எண்ணும் ஆளுக்கு எந்தச் சுண்டெலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. சுண்டெலிகளின் எண்களுக்குப் பதில் வேறு பெயர் வைத்துப் படங்களை இன்னொருவரிடம் கொடுங்கள். வட்டத்தின் அளவு எல்லா நாளும் ஒன்றாக இருக்கட்டும். வண்ணப் படங்களைப் பக்கம் பக்கமாக வைக்கும்போது அளவுகோலும் ஒன்றாக இருக்க வேண்டும். மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் தானாக அளவுகோலை மாற்றிக்கொள்ளும், அப்படியே விட்டால் மங்கிய கல்லீரலும் சிவப்பாகத் தெரியும். எழுதும்போது 2020-இல் புதுப்பித்த அரைவ் பட்டியலைப் (விலங்கு ஆய்வைப் பற்றி எழுதும்போது சொல்ல வேண்டியவற்றின் பட்டியல்) பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது கேட்பதையெல்லாம் ஆய்வு தொடங்கும்போதே குறித்திருந்தால் கடைசியில் தேட வேண்டியிருக்காது.

முழு ஆய்வுக்கு முன் சிறிய முன்னோட்டம் ஒன்று நடத்துங்கள்: நோயுள்ள மூன்று, ஆரோக்கியமான மூன்று, செத்த செல் கொடுத்த மூன்று. அந்த ஒன்பது விலங்குகளின் ஏழு நாள் படங்களோடு வழிகாட்டியிடம் போனால், அடையாளத்தை மாற்றுவதா, செலுத்தும் வழியை மாற்றுவதா என்று அந்த உட்காரலிலேயே முடிவாகிவிடும். படங்களைக் கருவி தரும் மூலக் கோப்பாகவே இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஜேபெக் ஆக மாற்றிய படத்திலிருந்து ஒளியின் எண்ணிக்கையைத் திரும்ப எடுக்க முடியாது.